கேஷ்

கேஷ்: ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். இது நம் 'காசு' கடல் கடந்து போனதுதான் என்று மேடைகளில் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். பாதிதான் சரி. ஆங்கிலத்தில் கேஷ் என ஒரே ஒலியில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. அகராதிகள் அவற்றைத் தனித்தனியாகவே பதிவு செய்கின்றன.

ரொக்கத்தைக் குறிப்பது ஐரோப்பியச் சொல். பெட்டி என்று பொருள்படும் 'காப்ஸா' என்ற லத்தீன் சொல், இத்தாலியம், பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் அது பணப்பெட்டிக்குப் பெயர்; பிறகு பெட்டிக்குள் இருக்கும் பணத்துக்கும் ஆகிவந்தது. கடைக்காரர் "இன்றைக்கு நல்ல கல்லா" என்பதும் இதே போக்குதான். 18ஆம் நூற்றாண்டுக்குள் பெட்டி என்ற பொருள் வழக்கொழிந்தது. காசாளரைக் குறிக்கும் 'கேஷியர்' இந்தக் கிளையைச் சேர்ந்தது.

சிறு நாணயத்தைக் குறிக்கும் மற்றொரு கேஷ்தான் தமிழ்க் காசு. 1498க்குப் பின் இங்கு வந்த போர்த்துகீசியர் காசை 'கைஷா' என்றனர். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே பெயர். குழப்பத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆங்கிலேயர் அதைக் கேஷ் ஆக்கினர். நடுவில் சதுரத் துளையிட்டு, கயிற்றில் கோத்துப் புழங்கிய சீனச் செப்பு நாணயங்களுக்கும் ஐரோப்பியர் இந்தப் பெயரையே சூட்டினர். தரங்கம்பாடியில் டேனியர் அடித்த நாணயங்களில் 'காஸ்' என்றிருக்கும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஆக, வராகனுக்கு 3,360 காசு. இங்கிலாந்தில் பர்மிங்காமுக்கு அருகே சோஹோ ஆலையில் அச்சான 1808ஆம் ஆண்டின் பத்துக் காசு நாணயத்தில் ஒரு பக்கம் கம்பெனியின் சின்னம். மறுபக்கம் பத்துக் காசு இரண்டு ஃபுலூஸ் என்ற பாரசீக வாசகம், அதன் கீழே ரோமன் எண்ணோடு ஆங்கிலத்தில் கேஷ். இந்நாணயங்களைப் பீப்பாய்களில் ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் கெண்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் அங்கிருந்து ஏராளமான காசுகள் மேலே கொண்டுவரப்பட்டன. நாணயச் சேகரிப்பாளர்களிடம் இன்று அவை மலிவாகவே கிடைக்கின்றன.

திருவிதாங்கூரில் இந்தக் காசு நெடுங்காலம் நீடித்தது. அங்கே 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகே அக்கணக்கு மறைந்தது.