மலை மட்டும் அசையவில்லை

ராயபுரத்துக்காரர் ஒருவருக்கு நீலகிரி மலைமேல் ஆப்த சிநேகிதர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 1856-க்கு முன்பு அவரைப் பார்க்கப் பல்லக்கோ மாட்டு வண்டியோதான் கதி. நாள் கணக்கில் பயணம். அவ்வாண்டு ஜூலை 1-ஆம் தேதி, ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிற்று. 1873-இல் ரயில் பாதை மேட்டுப்பாளையத்தை எட்டிவிட்டது. அங்கே மலை குறுக்கே நின்றது! பல் வைத்த தண்டவாளத்தைக் கவ்விக் கவ்வி ரயில் குன்னூர் ஏற 1899 ஆயிற்று. உதகமண்டலம் சேர 1908.

இப்போது சென்னையில் விமானம் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கோயம்புத்தூர். ஆனால் உதகையில் விமான நிலையம் கிடையாது. மலையை இன்றும் வளைந்து வளைந்துதான் ஏறவேண்டும். அதுவும் நல்லதற்கே. வெகுநாள் பாராத சிநேகிதரிடம் என்ன பேசுவது என்று யோசிக்க அவகாசம் வேண்டாமா?