மதச் சீர்திருத்தம் மாற்றியமைத்த ஐரோப்பிய ஆலயங்கள்

பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் எழுந்து வட ஐரோப்பா எங்கும் பரவிய மதச் சீர்திருத்த இயக்கம் தனக்கென்று புதிய ஆலயங்களை அதிகம் கட்டிக்கொள்ளவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை பல நூற்றாண்டுகளாக எழுப்பி வைத்திருந்த ஆலயங்களையே எடுத்துக்கொண்டது. உள்ளே இருந்தவற்றில் சிலவற்றை இடம் மாற்றியது, சிலவற்றை அப்புறப்படுத்தியது, சிலவற்றை உடைத்தது. ஆகவே இந்தத் தலங்களுக்குப் போகிறவர் கோபுரத்தையும் முகப்பையும் மட்டும் பார்த்துத் திரும்பினால் முக்கியமானதை விட்டுவிடுவார். பிரசங்க மேடை எங்கே நிற்கிறது, திருவிருந்து கொடுக்கப்படுவது கற்பீடத்திலா மேசையிலா, சுவரில் எந்த மாடம் காலியாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இயக்கம் எதை நம்பியது, எதை மறுத்தது என்பது அங்கேதான் தெரியும்.

முன்பிருந்த நிலை

இடைக்கால ஆலயத்தின் உயிர்நாடி திருப்பலி. கிழக்குக் கோடியில் தலைமைப் பீடம் இருக்கும். குருக்களும் பாடகர்களும் இருக்கும் பகுதியை மக்கள் நிற்கும் இடத்திலிருந்து ஒரு தடுப்பு பிரித்துவிடும். பக்கச் சுவர்களை ஒட்டிச் சிறு பீடங்கள் வரிசையாக நிற்கும். இறந்தோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பணம் வைத்த குடும்பங்களுக்கென அங்கே தனித்தனிப் பலிகள் நிறைவேற்றப்படும். புனிதர்களின் சுரூபங்களும், அவர்களின் உடல் எச்சங்களும் உடைமைகளுமான அருளிக்கங்களும் மக்களை ஈர்த்தன. வழிபாட்டு மொழி லத்தீன். மனிதர் கடவுளுக்கு ஏற்றவராவது விசுவாசத்தால் மட்டுமே, அந்த விசுவாசம் வேதத்தைக் கேட்பதால் பிறக்கிறது என்று சீர்திருத்தக்காரர்கள் போதித்தபோது இந்த அமைப்பு முழுவதும் கேள்விக்குள்ளானது. கேட்பது முதன்மையானால் பேசுகிறவர் எல்லோருக்கும் தெரிய வேண்டும்; மக்கள் உட்கார இருக்கை வேண்டும்; அவர்கள் மொழியில் பேச வேண்டும்.

விட்டன்பெர்க்

எல்பே ஆற்றங்கரையில் உள்ள இந்தச் சிறு நகரத்தில் தொடங்குவதே பொருத்தம். ஐஸ்லேபன் நகரில், இயக்கத்தைத் தொடங்கிய லூதர் பிறந்த வீடு, இறந்த இடமாகப் போற்றப்படும் வீடு ஆகியவற்றோடு இங்குள்ள கோட்டை ஆலயம், நகர ஆலயம், லூதர் இல்லம், மெலாங்ட்டன் இல்லம் ஆகியவையும் 1996இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

கோட்டை ஆலயத்தைக் கட்டியவர் சாக்சனியின் ஆட்சியாளர் மூன்றாம் பிரெடெரிக். 1502இல் அவர் நிறுவிய பல்கலைக்கழகத்துக்கும் இதுவே ஆலயம் என்பதால் அறிவிப்புகளை அதன் கதவில் ஒட்டுவது வழக்கம். பிரெடெரிக் அருளிக்கங்களைச் சேர்ப்பதில் பேரார்வம் கொண்டவர். 1509இல் ஓவியர் லூக்காஸ் கிரானாக்கின் மரச்செதுக்குப் படங்களோடு வெளியான பட்டியலில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவை இருந்தன. 1520 வாக்கில் அவை ஏறத்தாழ 19,000 ஆகப் பெருகின. சகல புனிதர்கள் பெயரில் அமைந்த ஆலயம் இது. அவர்களின் திருநாளான நவம்பர் 1 அன்று இங்கு வருவோருக்குப் பாவத்தண்டனைக் குறைப்பு உண்டு என்ற சலுகையும் இருந்தது. அந்தத் திருநாளுக்கு முந்தைய நாளான 1517 அக்டோபர் 31 அன்றுதான் அகஸ்தீன் சபைத் துறவியும் பேராசிரியருமான மார்ட்டின் லூதர், பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டிக்கும் 95 கருத்துரைகளை மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்டுக்கு அனுப்பினார்.

அவற்றை அன்றே ஆலயக் கதவில் ஆணியடித்து மாட்டினாரா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. இச்செய்தியைப் பரப்பிய, லூதரின் தோழரான பிலிப் மெலாங்ட்டன் 1518இல்தான் விட்டன்பெர்க் வந்தார். அவர் இதை எழுதியதும் லூதர் இறந்த பின்பே. 1961இல் கத்தோலிக்க வரலாற்றாசிரியர் எர்வின் இசர்லோ ஐயம் எழுப்பியதிலிருந்து விவாதம் தொடர்கிறது. வருகிறவர்கள் படமெடுத்துக்கொள்ளும் கதவு எப்படியும் அந்தக் கதவு அல்ல. பழைய மரக்கதவு ஏழாண்டுப் போரின்போது 1760இல் எரிந்துபோனது. இப்போதுள்ளது 1858இல் வைக்கப்பட்ட வெண்கலக் கதவு. 95 கருத்துரைகளும் லத்தீனில் அதில் வார்க்கப்பட்டுள்ளன. உட்புறத்தின் இன்றைய தோற்றமும் பெரும்பாலும் 1892இல் முடிந்த புதுப்பிப்பின் விளைவு. பிரஷ்ய அரசு தன் நாட்டின் நினைவுச்சின்னமாக ஆலயத்தை மாற்றிய காலம் அது. 88 மீட்டர் உயரக் கோபுரத்தைச் சுற்றி லூதரின் புகழ்பெற்ற கீர்த்தனையின் தொடக்க அடி பெரிய எழுத்துகளில் ஓடுகிறது. இங்கே கண்ணில் படுவதில் மிகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டு லூதரை எப்படி நினைவுகூர விரும்பியது என்பதே. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.

அந்தக் காலத்தைத் தொட வேண்டுமானால் தரையைப் பார்க்க வேண்டும். 1546 பிப்ரவரி 18 அன்று ஐஸ்லேபனில் இறந்த லூதர் இங்கே பிரசங்க மேடைக்குக் கீழே அடக்கம் செய்யப்பட்டார். எதிர்ப்புறத்தில் 1560இல் இறந்த மெலாங்ட்டன். இருவரின் கல்லறைகளும் எளிமையானவை.

எனினும் இயக்கத்தின் உண்மையான இருப்பிடம் சந்தைத் திடலுக்கு அருகே உள்ள நகர ஆலயமான புனித மரியாள் ஆலயமே. லூதர் வழக்கமாகப் பிரசங்கித்தது இங்குதான். 1522 தொடக்கத்தில் படங்களையும் சுரூபங்களையும் அகற்றும் வேகம் விட்டன்பெர்க்கில் கலவரமாக மாறியது. வார்ட்பூர்க் கோட்டையில் மறைந்து வாழ்ந்த லூதர் மார்ச் மாதம் திரும்பி வந்து, எட்டு நாள் தொடர்ந்து இங்கே பிரசங்கித்து மக்களை அமைதிப்படுத்தினார். படங்களை வணங்குவதுதான் தவறு, அவை இருப்பதாலேயே தீங்கில்லை, கட்டாயத்தால் யாரும் விசுவாசியாக முடியாது என்பது அவர் நிலை. இன்றும் ஜெர்மானிய லூத்தரன் ஆலயங்களில் இடைக்காலப் பீடங்களும் சுரூபங்களும் பெருமளவு தப்பியிருப்பதற்கு அந்த எட்டுப் பிரசங்கங்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

1547இல் வைக்கப்பட்ட கிரானாக் குடும்பத்துப் பீட ஓவியம் அந்த நிலைப்பாட்டின் படவடிவம். நடுவே இராப்போஜனம். கிறிஸ்துவும் சீடர்களும் வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவராகத் தாடி வைத்த லூதர் கிண்ணத்தை வாங்குகிறார். கிண்ணம் குருக்களுக்கு மட்டும் உரியது என்ற வழக்கத்தை இயக்கம் முறித்ததை அறிந்தவருக்கு அந்தக் கை நீட்டலின் கனம் புரியும். இடப்புறம் மெலாங்ட்டன் ஞானஸ்நானம் கொடுக்கிறார். வலப்புறம் நகரத்தின் போதகர் புகன்ஹாகன் கையில் சாவிகளோடு பாவ அறிக்கை கேட்கிறார். அடியில் உள்ள நீண்ட பலகைதான் அனைத்துக்கும் மேலானது: ஒரு கோடியில் மேடையில் லூதர், மறு கோடியில் கேட்கும் மக்கள், இடையே வெற்றுத் தரையில் சிலுவையில் தொங்கும் கிறிஸ்து. லூதரின் கை அவரைச் சுட்டுகிறது. பிரசங்கம் என்பது என்ன என்று இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன ஓவியம் இல்லை.

இதே ஆலயத்தின் வெளிச்சுவரில் யூதர்களை இழிவுபடுத்தும் 13ஆம் நூற்றாண்டுக் கற்சிற்பம் ஒன்று இருக்கிறது. 1543இல் லூதர் எழுதிய கொடிய யூத எதிர்ப்பு நூலையொட்டி 1570இல் அதன் மேல் ஒரு வாசகமும் பொறிக்கப்பட்டது. 1988இல் நேர் கீழே தரையில் நினைவுத் தகடு பதிக்கப்பட்டது. சிற்பத்தை அகற்றக் கோரிய வழக்கை ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2022இல் தள்ளுபடி செய்தது. இந்தச் சுவரின் முன் நிற்காமல் விட்டன்பெர்க்கைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. லூதரின் மரபில் இதுவும் உண்டு.

எர்பர்ட், டோர்காவ்

லூதர் 1505இல் துறவியாகச் சேர்ந்த அகஸ்தீன் மடம் எர்பர்ட் நகரில் உள்ளது. மடத்து ஆலயத்தின் பீடத்துக்கு முன் யோகன்னஸ் சக்கரியே என்ற இறையியலாளரின் கல்லறைக் கல் பதிந்திருக்கிறது. கான்ஸ்டன்ஸ் சங்கத்தில் செக் சீர்திருத்தவாதி யான் ஹூஸுக்கு எதிராக வாதாடியவர் என்று பெயர் பெற்றவர் அவர். துறவிகள் வாக்குறுதி கொடுக்கையில் விழுந்து கிடந்தது அந்தக் கல்லின் மேல்தான். ஹூஸ் 1415இல் எரிக்கப்பட்டார். நூறாண்டு கழித்து அவர் சொன்னவற்றில் பலவற்றை லூதர் திரும்பச் சொன்னார். 1945 பிப்ரவரியில் விழுந்த குண்டுகளில் மடத்தின் நூலகம் அழிந்தது. அதன் நிலவறையில் தஞ்சமடைந்திருந்த 267 பேர் இறந்தனர்.

டோர்காவ் நகரின் ஹார்ட்டன்பெல்ஸ் கோட்டைச் சிற்றாலயம் அளவில் சிறியது, பொருளில் பெரியது. 1544 அக்டோபர் 5 அன்று லூதரே அர்ப்பணித்த இதைச் சீர்திருத்த வழிபாட்டுக்கென்றே புதிதாகக் கட்டப்பட்ட முதல் ஆலயமாகக் கருதுகிறார்கள். உள்ளே ஒரே நீள்சதுர மண்டபம். குருக்களுக்கெனத் தனிப்பகுதி இல்லை. பிரசங்க மேடை நீண்ட பக்கச் சுவரின் நடுவில், எல்லோருக்கும் எட்டும் இடத்தில். பீடம் நான்கு தேவதூதர்கள் தாங்கும் மேசை. இயக்கம் தன் விருப்பப்படி கட்டினால் எப்படி இருக்கும் என்பதற்கு இது விடை. நேரம் குறைவாக உள்ளவர் வேறு எதை விட்டாலும் இதை விட வேண்டாம்.

சூரிச், ஜெனீவா

சுவிட்சர்லாந்தில் காற்று வேறு திசையில் அடித்தது. உல்ரிச் சுவிங்லி 1519 ஜனவரி 1 அன்று சூரிச்சின் குரோஸ்மூன்ஸ்டர் ஆலயத்தில் பணியேற்று, மத்தேயு நற்செய்தியை வரிசையாக விளக்கத் தொடங்கினார். 1524 கோடையில் நகர மன்றத்தின் ஆணைப்படி, பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் கைவினைஞர்கள் சுரூபங்களையும் படங்களையும் இறக்கினார்கள், சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். 1527இல் ஆர்கனும் போனது. சுவிங்லி பல கருவிகள் வாசிக்கத் தெரிந்த நல்ல இசைஞர் என்பதை நினைத்தால் அந்த முடிவின் கடுமை விளங்கும். இன்று அங்கு நிறம் உண்டு: கிழக்கே 1933இல் அகுஸ்தோ ஜகோமெத்தி செய்த சன்னல்கள், மேற்கே 2009இல் முடிந்த சிக்மார் போல்கேயின் சன்னல்கள், அவற்றில் சில அகேட் கற்களை மெல்லிய வில்லைகளாக அறுத்துக் கோத்தவை. வெறுமையான சுவர்களுக்கு நடுவே அவை மேலும் ஒளிர்கின்றன.

ஜெனீவாவின் புனித பேதுரு பேராலயம் 1530களில் சீர்திருத்த வழிபாட்டுக்கு மாறியது. ஜான் கால்வின் தம் இறுதிக்காலம் வரை இங்கே போதித்தார். அவருடையது எனச் சொல்லப்படும் மர நாற்காலி உள்ளே இருக்கிறது. கல்லறையைத் தேடி இங்கே வருகிறவர்களுக்கு ஏமாற்றமே. 1564இல் இறந்த அவர், தம் விருப்பப்படி, அடையாளக் கல் இல்லாமல் நகரக் கல்லறையில் புதைக்கப்பட்டார்.

உடைந்தவை

1566இல் நெதர்லாந்துப் பகுதிகளில் சுரூப உடைப்பு அலையலையாகப் பரவியது. யூட்ரெக்ட் பேராலயத்தில் முகங்கள் மட்டும் செதுக்கி எறியப்பட்ட கற்பீடம் ஒன்று அப்படியே நிற்கிறது. இங்கிலாந்தில் அரசனின் ஆணையே உளியாக இருந்தது. எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை மடங்களைக் கலைத்தார். 1538இல் கேன்டர்பரியிலிருந்த, புனிதராகப் போற்றப்பட்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டின் திருத்தலக் கல்லறை அகற்றப்பட்டது. அது இருந்த வெற்றுத் தரையில் இன்று ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது. ஈலி பேராலயத்தின் மரியாள் சிற்றாலயத்தில் சுவர் நெடுகச் செதுக்கிய சிறு உருவங்கள் தலையிழந்து நிற்கின்றன. உடைத்தவர்கள் விக்கிரக வழிபாட்டை ஒழிப்பதாகவே உளமார நம்பினார்கள். இழப்பு அதனால் சிறிதாகிவிடவில்லை.

பகிர்ந்தவை, அனுமதிக்கப்பட்டவை

சண்டைக்கு நடுவே உடன்பாடுகளும் உண்டு. சாக்சனியின் பவுட்சன் நகரப் புனித பேதுரு ஆலயத்தைக் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் 16ஆம் நூற்றாண்டிலிருந்தே பகிர்ந்துகொள்கிறார்கள். இரு பகுதிகளுக்கும் நடுவே ஒரு தடுப்பு மட்டுமே.

போலந்தின் ஸ்விட்னிட்சா நகரத்து அமைதி ஆலயம் வேறுவகை. 1648ஆம் ஆண்டு வெஸ்ட்பாலியா உடன்படிக்கைக்குப் பின், கத்தோலிக்கப் பேரரசர் சைலீசியப் பகுதி லூத்தரன்களுக்கு மூன்று ஆலயங்களை மட்டும் அனுமதித்தார். மரம், களிமண், வைக்கோல் கொண்டே கட்ட வேண்டும்; கோபுரமும் மணியும் கூடாது; நகர மதிலுக்கு வெளியே இருக்க வேண்டும்; ஓராண்டில் முடிக்க வேண்டும். இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு 1656–57இல் எழுந்த ஆலயத்தில் ஏழாயிரம் பேருக்கு மேல் கூடலாம். வெளியே எளிய மரச்சட்டக் கட்டடம். உள்ளே அடுக்கடுக்கான மாடங்களும் ஓவியங்களும். மூன்றில் குவோகுவ் ஆலயம் எரிந்துவிட்டது. யாவோர், ஸ்விட்னிட்சா ஆலயங்கள் 2001இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

ஹாலே: தமிழோடு உள்ள தொடர்பு

விட்டன்பெர்க்கிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஹாலே நகரின் சந்தை ஆலயத்தில் லூதர் இறந்தபின் எடுத்த முகவார்ப்பு உள்ளது. அதே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1698இல் நிறுவிய கல்விச்சாலைகள் தமிழருக்கு நெருக்கமானவை. ஹாலேயில் பயின்ற பர்த்தலோமேயு சீகன்பால்கு, டென்மார்க் அரசர் அனுப்ப, ஹென்றி புளுட்சோவுடன் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். மக்களின் மொழியில் வேதம் என்ற லூதரின் கொள்கையே அவரைத் தமிழ் கற்க வைத்தது. ஹாலேயில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டுத் தரங்கம்பாடிக்கு வந்தன. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. பிராங்கே நிறுவனத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளை இன்றும் பாதுகாக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஜெர்மனி செல்வோர் லூதர் தலங்களோடு இதையும் சேர்த்துக்கொள்வது நலம்.

செல்வோர் கவனிக்க வேண்டியவை

இவற்றில் பெரும்பாலானவை இன்றும் வழிபாடு நடக்கும் ஆலயங்கள். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் சுற்றிப் பார்க்க முடியாது. அமர்ந்து பங்குபெறலாம், அதுவே சிறந்த வழி. மேடைக்கும் இருக்கைக்கும் உள்ள உறவு அப்போதுதான் காதில் விழும். ஜெர்மனியில் ஆலய நுழைவுக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. கோபுரம் ஏறுவதற்கு உண்டு. கேன்டர்பரி, ஈலி பேராலயங்களில் பார்வையாளர் கட்டணம் உண்டு, ஆனால் மாலை ஆராதனைக்கு வருவோரிடம் வாங்குவதில்லை. அருங்காட்சியகங்கள் பல திங்கட்கிழமை மூடியிருக்கும். விட்டன்பெர்க்குக்கு பெர்லினிலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அக்டோபர் 31 சீர்திருத்தத் திருநாள். சாக்சனி, சாக்சனி-அன்ஹால்ட், துரிங்கியா மாநிலங்களில் பொது விடுமுறை. அன்று விட்டன்பெர்க் நிரம்பி வழியும் என்பதால் தங்குமிடத்தை வெகு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும். சுவிஸ் சீர்திருத்தச் சபைகள் இதே நினைவை நவம்பர் முதல் ஞாயிறன்று கொண்டாடுகின்றன.