பாற்பல்லுக்கு ஒரு மகுடம்

பல் மருத்துவர் 'கிரௌன்' என்கிறார்; நாம் 'கேப்' என்கிறோம். முன்னது மகுடம், பின்னது குல்லாய். மொழிபெயர்ப்பையே உத்தியோகமாகக் கொண்ட எனக்கு இவ்வேறுபாடு வேடிக்கையாகவே பட்டு வந்தது, என் மகளுக்கு ஏழு வயதில் வைட்ஃபீல்டில் அது பொருத்தப்படும் வரையில். அவள் கண்ணாடி முன் நின்று, "எனக்கு எவர்சில்வர் பல்!" என்று பூரித்தாள். நானும் என் மனைவியுமோ, உறவினர் எதிரில் வாயைத் திறந்து சிரிக்காதே என்று சொல்லாத குறைதான்.

எவர்சில்வர் என்று அவள் சொன்னது பிழையன்று. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் குரோமியம் கலந்து உருக்கிய துருப்பிடியாத எஃகின் வழிவந்ததே நம் வீட்டு டம்ளரும் டபராவும். குழந்தைகளின் கடைவாயில் மின்னும் மகுடமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 1947இல் அமெரிக்காவின் ராக்கி மௌண்டன் நிறுவனம் இதனைப் பாற்பற்களுக்கென வெளியிட்டது. 1950இல் ஹம்ஃப்ரி என்ற மருத்துவர் இதன் பயன்பாட்டை விவரித்து எழுதினார். அதற்கு முன்னர், பெரிதும் சொத்தையான பாற்பல்லை அடிக்கடி உடைந்துபோகும் வெள்ளிக் கலவையால் அடைப்பது, இல்லையேல் பிடுங்கிவிடுவது என்பதே வழக்கம்.

"விழப்போகிற பல்லுக்கு எதற்கப்பா இவ்வளவு செலவு?" என்று என் தாயார் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆனால் கடைவாய்ப் பாற்பல் பத்து, பன்னிரண்டு வயது வரையில் இருந்தாக வேண்டியது. ஆறு வயதில் அதன் பின்னால் நிலைப்பல் முளைக்கிறது. பாற்பல்லை முன்கூட்டியே எடுத்துவிட்டால் அந்த நிலைப்பல் காலியிடத்தை நோக்கிச் சாய்ந்துவிடும். அடியிலிருந்து வரவேண்டிய பல்லுக்கு இடமிராது.

குழந்தைகள் அஞ்சுவது உலோகத்துக்கன்று. ஊசிக்கும் துளைக்கும் கருவியின் ஓசைக்குமே. ஸ்காட்லாந்தின் நோர்னா ஹால் என்ற பெண் மருத்துவர் ஊசியுமின்றி, துளைப்புமின்றி, சொத்தையின்மீதே பசையிட்ட மகுடத்தை அழுத்திப் பொருத்தி வந்தார். உள்ளே அடைபட்ட சொத்தை ஊட்டமின்றி அடங்கிவிடுகிறது. (சீழ் வைத்த பல்லுக்கு இது ஆகாது.) 2007இல் வெளியான ஆய்வொன்றில், டேசைடு வட்டாரத்தில் 132 குழந்தைகளுக்கு ஒரு பல்லில் வழக்கமான அடைப்பும் மற்றொன்றில் இம்மகுடமும் வைத்து எது பிடித்தது என்று கேட்டார்கள். குழந்தைகளில் 77 சதவீதம், பெற்றோரில் 83 சதவீதம் மகுடத்தையே விரும்பினர். என் மகளுக்கும் இம்முறையிலேயே செய்தார்கள். அவளுடைய பூரிப்பின் இரகசியம் அதுவாகவும் இருக்கலாம்.

அவ்வாறாயின் எங்களுக்கு ஏன் அந்தக் கூச்சம்? நம் பாட்டனார் காலத்தில் தங்கப் பல் கட்டிக்கொண்டவர்கள் அது தெரியும்படியே சிரித்தார்கள். அது செல்வத்தின் அடையாளம். குழந்தையின் எஃகுப் பல்லோ, மிட்டாய்க்கு அனுமதித்த, இரவில் பல் துலக்க வைக்காத பெற்றோரின்மீது எழுதப்பட்ட குற்றப்பத்திரிகையாக எங்களுக்குத் தோன்றிற்று. வெட்கம் எங்களுடையது, மறைக்கச் சொல்லவிருந்ததோ அவளை.

மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜ உடையார் ஆங்கிலோ இந்தியருக்கு அளித்த நிலத்தில் 1880களில் குடியேற்றமாகத் தோன்றியது வைட்ஃபீல்ட். பெங்களூரின் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி தோன்றியதே 1958இல்தான். இன்று வைட்ஃபீல்டிலேயே ஒரு பல் மருத்துவக் கல்லூரி உண்டு. குழந்தைகளுக்கென்றே தனி மருத்துவமனைகளும் உண்டு. அங்கே வெண்ணிற ஜிர்க்கோனியா மகுடமும் கிடைக்கும். பார்வைக்கு அது இயற்கைப் பல்லே. ஆனால் விலை கூடுதல். அதற்காகப் பல்லையும் கூடுதலாகத் தேய்க்க வேண்டும். முன்பல்லுக்கு அது தக்கதே. கடைவாய்ப் பல்லில், பெற்றோர் கண்ணின் சௌகரியத்துக்காகக் குழந்தையின் பல்லைத் தேய்ப்பது எனக்கு உவப்பாயில்லை.

சென்ற ஆண்டு, பதினொன்றாம் வயதில், அந்தப் பல் மகுடத்தோடேயே விழுந்தது. சாணத்தில் வைத்துக் கூரைமேல் எறிய வேண்டும் என்றார் என் தாயார். நாங்கள் இருப்பது நான்காவது மாடி. சாணத்துக்கு எங்கே போவது? மகள் அதைத் தீப்பெட்டியில் இட்டுப் பள்ளிக்கு எடுத்துச் சென்றாள். தோழியர் அனைவரும் பார்த்த பிறகே வீட்டுக்குத் திரும்பி வந்தது.