வன்தட்டோடு பேசக் கற்ற சிப்பு

வணிகவியல் படித்துவிட்டு வங்கியில் பேரேட்டைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவனுக்கு வன்தட்டு வயரில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் நம் எல்லோருடைய பேலன்ஸும் கடைசியில் போய் உட்காருவது ஏதோ ஒரு தட்டில்தானே? அதற்குள் எண்கள் போகிற வழியைப் படிக்கப் போனால், அங்கேயும் பற்று வரவு, டோக்கன், ரசீது என்று நம் சமாசாரமே இருக்கிறது. வீட்டில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளை பேசுவது புரியாமல் விழிக்கும் என் போன்ற பெற்றோருக்காக இந்தப் பதிவு.

பழைய கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்த அகலமான சாம்பல் நிற நாடா ஞாபகம் இருக்கும். அதுதான் பேரலல் ஏடிஏ. 16 பிட்கள் தோளோடு தோளாக ஒன்றாக ஓடும். வேகம் கூடக் கூட ஒரு கம்பியின் சத்தம் பக்கத்துக் கம்பியில் விழுந்தது. நடுநடுவே தரைக்கம்பி சேர்த்து 40 கம்பியை 80 ஆக்கிப் பார்த்தார்கள். விநாடிக்கு 133 மெகாபைட்டோடு மூச்சு முட்டிவிட்டது. பதினாறு பேரும் ஒரே நொடியில் கோட்டைத் தொட வேண்டும் என்றால் எவ்வளவு வேகமாகத்தான் ஓட முடியும்?

2001ல் வரையறுக்கப்பட்ட சீரியல் ஏடிஏ, அதாவது ஸாட்டா, கூட்டத்தைக் கலைத்துவிட்டது. போக ஒரு ஜோடிக் கம்பி, வர ஒரு ஜோடி, தரைக்கு மூன்று. மொத்தம் ஏழு. பிட்கள் ஒன்றன்பின் ஒன்றாக, விநாடிக்கு 150 கோடி. 2004ல் அது இரட்டிப்பாகி, 2009ல் மறுபடி இரட்டிப்பாகி 6 ஜிகாபிட் ஆனது.

இதில் கடிகாரத்துக்கென்று தனிக் கம்பி கிடையாது. பிட்கள் மாறுவதைப் பார்த்தே எதிர்ப்பக்கம் தாளத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தொடர்ந்து பூஜ்யமாகவே வந்தால் தாளம் தவறிவிடும். இதற்கு மருந்து 1983லேயே தயார். ஐபிஎம்மின் விட்மரும் ஃபிரானஸ்ஸெக்கும் வெளியிட்ட 8பி/10பி முறை அது. ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றி அனுப்புவார்கள். ஒரு குறியில் ஒன்றுகள் கூடிப்போனால், அடுத்து சமமில்லாத குறி வரும்போது பூஜ்யங்கள் கூடிய வடிவத்தை எடுத்து நேர் செய்துவிடுவார்கள். பற்றும் வரவும் சமமாக வேண்டுமென்கிற நம் இருப்பாய்வு மாதிரியே! இதற்கான கமிஷன் ஐந்தில் ஒரு பங்கு. அதனால்தான் 1.5 ஜிகாபிட்டில் நமக்குக் கிடைப்பது 150 மெகாபைட்.

இப்போது சிப்புக்கு வருவோம். எஃப்பிஜிஏ என்பது தொழிற்சாலையை விட்டு வந்த பிறகும் உள்ளிருக்கும் சுற்றை நாம் விரும்பியபடி அமைத்துக்கொள்ளக் கூடிய சிப்பு. ராஸ் ஃப்ரீமனும் நண்பர்களும் 1984ல் தொடங்கிய ஸைலிங்க்ஸ், அடுத்த வருடமே முதல் சிப்பை வெளியிட்டது. அதில் வெறும் 64 கட்டங்கள். ஃப்ரீமன் 1989லேயே காலமாகிவிட்டார். தன் யோசனை இத்தனை தூரம் வளர்ந்ததை அவர் பார்க்கவில்லை.

அந்தக் கட்டங்களைக் கொண்டு ஜிகாபிட் வேகத்தில் பிட் எண்ண முடியாது. 2002ல் வந்த விர்டெக்ஸ்-II ப்ரோவில் அதற்கென்றே தனி டிரான்ஸீவர்களை உள்ளே பதித்தார்கள். வேகமாக வரும் பிட்களை அது பொறுக்கி, 32 பிட் கட்டாகக் கட்டினால் விநாடிக்கு 3.75 கோடி கட்டுதான். அந்த வேகம் எஃப்பிஜிஏவுக்குச் சாதாரணம்.

அத்தோடு கதை முடியவில்லை. கணினியும் தட்டும் முதலில் அறிமுகமாவது பேச்சால் அல்ல, மௌனத்தால். ஆறு சிறு துடிப்புகள், நடுநடுவே 320 நானோ விநாடி அமைதி. அது கணினியிலிருந்து போனால் ‘காம்ரீசெட்’, தட்டிலிருந்து வந்தால் ‘காமினிட்’. அமைதி 106.7 நானோ விநாடியாகக் குறைந்தால் ‘காம்வேக்’, விழித்துக்கொள் என்று அர்த்தம். ஆக, டிரான்ஸீவருக்குக் கத்தத் தெரிந்தால் போதாது, கம்பியில் அமைதி காக்கவும் எதிராளியின் அமைதியை அளக்கவும் தெரிய வேண்டும். 2006ல் வந்த விர்டெக்ஸ்-5 எல்எக்ஸ்டி சிப்புகளில் இந்த வசதி கூடவே வந்தது.

அதற்கு மேல் நடப்பது அச்சு அசல் வங்கி கவுன்டர். அனுப்புகிறவர் ‘தயார்’ என்பார். வாங்குகிறவரும் ‘தயார்’ என்ற பிறகுதான் தகவல் நகரும். முடிவில் 32 பிட் சரிபார்ப்பு எண். டேலி ஆனால் ‘ஓகே’, இல்லாவிட்டால் ‘பிழை’. நடுவில் இடம் போதாவிட்டால் ‘நிறுத்து’ என்று சொல்லலாம். ஆனால் சொன்ன பிறகும் 20 சொற்கள் வரை வந்து விழும். அதற்கு இடம் வைக்காமல் வடிவமைத்தால் யாரோ ஒருவருடைய தகவல் காற்றில் போகும். கவுன்டரை மூடிவிட்டோம் என்றாலும் உள்ளே நிற்கிற வரிசைக்குப் பணம் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

இவ்வளவு சிரமப்பட்டு என்ன லாபம்? நெடீசா என்ற நிறுவனம் ஒவ்வொரு தட்டின் பக்கத்திலும் ஒரு எஃப்பிஜிஏவை வைத்து, வேண்டாத வரிகளை அங்கேயே வடிகட்டியது. லட்சக்கணக்கான கணக்கில் நிலுவை உள்ள நூறு வேண்டுமென்றால் அந்த நூறு மட்டும்தான் மேலே வரும். 2010ல் ஐபிஎம் அதை வாங்கிக்கொண்டது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஸாட்டா பேசும் சுற்று வடிவமைப்புகளை நிறுவனங்கள் காசுக்கு விற்றுக்கொண்டிருந்தன. ஒரு மாணவர் உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லை. 2009ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தினர் விர்டெக்ஸ்-4 சிப்புக்கான வடிவமைப்பைத் திறந்த மூலமாகத் தந்தார்கள். 2012ல் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சின் ‘க்ரவுண்ட்ஹாக்’ வந்தது. பூட்டிய பேரேடு திறந்துவிட்டது.

இன்று வேகம் வேண்டியவர்கள் என்விஎம்இ பக்கம் போய்விட்டார்கள். ஸைலிங்க்ஸும் 2022ல் ஏஎம்டியோடு இணைந்துவிட்டது. ஸாட்டா 6 ஜிகாபிட்டிலேயே நின்றுவிட்டது. இருந்தாலும் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் இல்லை என்பேன். அடுத்த முறை பிள்ளை ‘புராஜெக்ட்டுக்கு எஃப்பிஜிஏ போர்டு வேண்டும்’ என்று கேட்டால், விலையை மட்டும் கேட்காமல், ‘உன் சுற்று நிறுத்து என்ற பிறகு வரும் அந்த இருபதை எங்கே வைக்கும்?’ என்றும் கேட்டுப் பாருங்கள்.