கைகள் ஊட்டிய மூச்சு: கொப்பன்கேகன், 1952

மருத்துவ வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. செயற்கைச் சுவாசத்தின் வரலாறும் இதற்கு விலக்கன்று. முதலில் இரும்பு நுரையீரல் தோன்றியது. பின்னர் காற்றை உட்செலுத்தும் இயந்திரங்கள் தோன்றின. அவற்றைச் சூழ்ந்து தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வளர்ந்தன என்பதே வழமையான விளக்கம். ஆயின், முன்னைய இயந்திரத்திற்கும் பின்னைய இயந்திரத்திற்கும் இடையே, இயந்திரம் பயன்படாது போன ஒரு குறுகிய காலம் இருந்தது. 1952 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்கேகனில், பெருந்தொகையான நோயாளரின் மூச்சை மாணவர்களின் கைகளே நடத்தின. சுவாசப் பராமரிப்பில் அன்று நிகழ்ந்த மாற்றம் புதிய கருவியொன்றினால் விளைந்ததன்று. சுவாசத்தைப் பற்றிய சரியான விளக்கத்தினாலும் அவ்விளக்கத்தைச் செயற்படுத்திய மனித உழைப்பினாலும் விளைந்தது. இதனை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவாசத்தின் இயல்பு

நிகழ்ச்சியை விளங்கிக்கொள்வதற்குச் சுவாசத் தொகுதியின் அமைப்பையும் தொழிலையும் சுருக்கமாகவேனும் நோக்குதல் வேண்டும். மூக்கினூடாக உட்செல்லும் காற்று தொண்டையையும் குரல்வளையையும் கடந்து வாதனாளியை அடைகின்றது. வாதனாளி இரு கிளைகளாகப் பிரிந்து நுரையீரல்களுட் புகுந்து, மேலும் மேலும் கிளைத்து, ஈற்றில் நுண்ணிய சிற்றறைகளில் முடிகின்றது. வளர்ந்த ஒருவரிடத்தே இச்சிற்றறைகள் பல கோடி உள. அவற்றின் மெல்லிய சுவரினூடாக ஒட்சிசன் குருதியினுள்ளும், காபனீரொட்சைட்டு குருதியிலிருந்து வெளியேயும் செல்கின்றன.

நுரையீரலுக்குத் தானாக விரியும் ஆற்றல் கிடையாது. பிரிமென்றகடு சுருங்கிக் கீழிறங்கவும், விலா என்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் நெஞ்சறையை அகலிக்கவும், உள்ளே அமுக்கம் குறைந்து வெளிக்காற்று உட்புகுகின்றது. இத்தசைகளுக்கான கட்டளை மூளையத்தண்டில் பிறந்து, முண்ணாணிலுள்ள நரம்புக் கலங்கள் வழியாகச் செல்கின்றது. எனவே நுரையீரலில் எவ்விதப் பழுதும் இல்லாதபோதும் நரம்பு பழுதுற்றால் மூச்சு நின்றுவிடும்.

இன்னுமோர் உண்மையும் ஈண்டு கருதத்தக்கது. ஓய்வாக இருக்கும் ஒருவர் ஒரு மூச்சில் ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் காற்றை உள்ளெடுக்கின்றார். அதில் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் குழாய்களிலேயே தங்கி, குருதியைச் சந்திக்காது திரும்பிவிடுகின்றது. தசைகள் தளர்ந்து மூச்சு 200 மில்லிலீற்றராகக் குறையுமாயின், சிற்றறைகளை அடைவது வெறும் 50 மில்லிலீற்றரே. நெஞ்சு அசைந்துகொண்டிருக்கும், ஆனால் காபனீரொட்சைட்டு வெளியேறாது குருதியிற் சேர்ந்துகொண்டேயிருக்கும். ஒட்சிசனை மட்டும் மிகுதியாகக் கொடுத்தால் நோயாளியின் நிறம் தேறித் தோன்றலாம். உள்ளே நிகழும் கேட்டை அத்தோற்றம் மறைத்துவிடும்.

இரும்பு நுரையீரலின் எல்லை

இளம்பிள்ளை வாதத்தை உண்டாக்கும் வைரசு வாய்வழியாக உடலினுட் புகுந்து, சிலரிடத்தே முண்ணாணின் இயக்க நரம்புக் கலங்களை அழிக்கின்றது. சுவாசத் தசைகளுக்குரிய கலங்கள் அழிந்தால் நோயாளிக்கு மூச்செடுக்க இயலாது. இந்நிலைக்கு மாற்றாகவே ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் டிறிங்கரும் லூயிஸ் ஷோவும் இரும்பு நுரையீரலை ஆக்கினர். 1928 ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரில் அது முதன்முதலாக நோயாளியொருவருக்குப் பயன்படுத்தப்பட்டது. தலை மட்டும் வெளியே இருக்க, உடல் முழுவதும் உலோகக் கலமொன்றினுள் வைக்கப்படும். கலத்தினுள் அமுக்கம் குறையும்போது நெஞ்சு விரிந்து காற்று உட்செல்லும்.

இக்கருவி பலரைக் காத்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அதற்கு ஓர் எல்லையுண்டு. நோய் மூளையத்தண்டைத் தாக்கும்போது விழுங்கும் ஆற்றல் அழிகின்றது. உமிழ்நீரும் சளியும் தொண்டையில் தேங்குகின்றன. அந்நிலையில் நெஞ்சை வெளியிலிருந்து விரித்தால், காற்றோடு தேங்கிய நீரும் நுரையீரலினுள் இழுக்கப்படும். உயிர் காக்க வேண்டிய கருவியே நோயாளியை அவரது உமிழ்நீரில் அமிழ்த்திவிடும். கொப்பன்கேகனில் பரவிய நோயில் இவ்வகைத் தாக்கம் மிகுதியாகக் காணப்பட்டது.

1952 ஓகத்து

கொப்பன்கேகனின் தொற்றுநோய்களுக்கான பிளெக்டாம் வைத்தியசாலையில் 1952 ஆம் ஆண்டின் ஆறு மாத காலத்தில் 2,700 இற்கு மேற்பட்ட இளம்பிள்ளை வாத நோயாளர் சிகிச்சை பெற்றனர். கொள்ளைநோய் உச்சமடைந்திருந்தபோது நாளொன்றுக்கு 50 பேர் வரை அனுமதிக்கப்பட்டனர். ஆனால் அங்கே இருந்தவை ஓர் இரும்பு நுரையீரலும், நெஞ்சை மட்டும் மூடும் கவச வகைக் கருவிகள் ஆறுமே. முதல் மூன்று வாரங்களில் சுவாசம் பாதிக்கப்பட்டு இக்கருவிகளால் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர். கருவிகளின் தொகை போதாமை ஒரு குறை. கருவி கிடைத்தோரும் இறந்தமை அதனினும் பெரிய குறை.

வைத்தியசாலையின் தலைமை மருத்துவரான லாசன் இந்நிலையில் வெளியாரின் ஆலோசனையை நாட உடன்பட்டார். பியோணபோ என்னும் மருத்துவரின் தூண்டுதலால் மயக்கமருந்து நிபுணரான பியோண் இப்சன் அழைக்கப்பட்டார். அக்காலத்தில் மயக்கமருந்து நிபுணரின் இடம் சத்திரசிகிச்சைக் கூடமே. தொற்றுநோய் விடுதியில் அவருக்கு வேலையிருப்பதாக எவரும் கருதியதில்லை. இப்சன் பொஸ்ரனிலுள்ள மசாச்சுசெற்ஸ் பொது வைத்தியசாலையில் பயிற்சி பெற்றவர். தசைகளைத் தளர்த்தும் கியுராரே என்னும் மருந்து கொடுக்கப்பட்ட நோயாளரின் மூச்சை, இறப்பர்ப் பையொன்றைக் கையால் அமுக்கி நடத்துவது அவருடைய தொழிலின் அன்றாட அலுவல். மருந்தினால் தசை தளர்ந்தவருக்கும் நோயினால் தசை தளர்ந்தவருக்கும் சுவாசத்தைப் பொறுத்தவரை வேறுபாடில்லை என்பதை அவர் கண்டார்.

இறந்தோரின் உடற்பரிசோதனை விவரங்களை இப்சன் ஆராய்ந்தார். அவர்களது நுரையீரல்கள் காற்றை ஏற்க முடியாத அளவிற்குப் பழுதுற்றிருக்கவில்லை. குருதியில் காபனீரொட்சைட்டின் மொத்த அளவு உயர்ந்திருந்ததை அங்கிருந்த மருத்துவர்கள் விளங்காத ஒரு காரமிகை நிலையெனக் கொண்டிருந்தனர். இப்சனின் விளக்கமோ அதற்கு நேர்மாறானது. காபனீரொட்சைட்டு வெளியேறாது தேங்கியமையே அவ்வுயர்வின் காரணம். நோயாளர் மூளையழற்சியினால் அன்றி மூச்சுப் போதாமையினாலேயே இறக்கின்றனர் என அவர் கூறினார். பின்னர் வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் போல் அஸ்ட்றப் குருதியின் அமிலத்தன்மையை நேரடியாக அளந்தபோது இவ்விளக்கம் உறுதிப்பட்டது. எண் ஒன்றே, அதன் பொருளைத் தவறாகக் கொண்டமையே சிகிச்சையை வழிதவறச் செய்திருந்தது.

ஓகத்து 27 ஆம் நாள் இக்கருத்து சோதனைக்குள்ளாயிற்று. 12 வயதுச் சிறுமியொருத்தி கை கால்கள் செயலிழந்து, காய்ச்சலுற்று, சளியினால் மூச்சடைத்து இறக்குந் தறுவாயில் இருந்தாள். குரல்வளைக்குக் கீழே வாதனாளியில் துளையிட்டு, காற்றுக் கசியாதவாறு உறையிட்ட குழாயொன்று செருகப்பட்டது. தொடக்கத்தில் முயற்சி தோல்வியுறுவதாகவே தோன்றியது. சிறுமி மூச்சுக்குழாய் இறுகிப் போராடினாள். பையை எவ்வளவு அமுக்கியும் காற்று உட்செல்லவில்லை. பார்த்து நின்ற மருத்துவர் சிலர் நம்பிக்கையிழந்து அவ்விடத்தை விட்டகன்றனர். இப்சன் மயக்கமருந்து கொடுத்து அவளுடைய போராட்டத்தை அடக்கினார். அவளது சுயமூச்சு நின்றது. அதன்பின் பை அமுக்கப்படும்போதெல்லாம் நெஞ்சு உயர்ந்தது. சளி உறிஞ்சி அகற்றப்பட்டது. உடலின் நிலை தேறிற்று. மீண்டும் கவசக் கருவிக்கு மாற்றியபோது காபனீரொட்சைட்டு உயர்ந்தது. கையால் காற்றூட்டியபோது குறைந்தது. சிறுமி பிழைத்தாள். ஐயத்தோடு நோக்கிய லாசன், கண்ட சான்றை மறுக்காது, சில நாட்களுள் இம்முறையைத் தம் வைத்தியசாலையின் பொதுமுறையாக ஏற்றார். இதுவும் வரலாற்றில் சிறிய செயலன்று.

மாணவரும் தாதியரும்

முறை கிடைத்தது, ஆயின் அதை நடத்துவது யார் என்ற வினா எழுந்தது. ஒரு நோயாளிக்கு இரவும் பகலும், வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், ஒருவர் மாறி ஒருவர் பையை அமுக்கிக்கொண்டிருத்தல் வேண்டும். இதற்கென மருத்துவ மாணவர்கள் அழைக்கப்பட்டனர். பல்மருத்துவ மாணவரும் அவர்களுடன் சேர்ந்தனர். ஒரு காலகட்டத்தில் 70 நோயாளருக்கு ஒரே வேளையில் கையால் காற்றூட்டப்பட்டது. ஏறத்தாழ 1,500 மாணவர்கள் 165,000 மணித்தியாலங்கள் இப்பணியைச் செய்தனர். நிமிடத்திற்கு 20 முறை எனக் கொண்டு கணக்கிடின், அவர்களது கைகள் ஏறத்தாழ 20 கோடி தடவை பையை அமுக்கியிருத்தல் வேண்டும். இளம்பிள்ளை வாதத்திற்கான சால்க்கின் தடுப்பூசி பயன்பாட்டிற்கு வந்தது 1955 ஆம் ஆண்டிலேயே என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். தடுப்பற்ற தொற்றுநோயின் நடுவே அமர்ந்தே அம்மாணவர்கள் பணியாற்றினர்.

பையை அமுக்குதல் மட்டுமே பராமரிப்பு ஆகிவிடவில்லை. வாதனாளியில் துளையிடப்பட்டவருக்கு மூக்கும் தொண்டையும் செய்யும் பணிகள் யாவும் பிறரால் செய்யப்பட வேண்டியனவாயின. மூக்கு காற்றை ஈரமாக்குகின்றது. அவ்வழி தவிர்க்கப்பட்டமையால் காற்றை ஈரப்படுத்த வேண்டியிருந்தது. இன்றேல் சளி இறுகிக் குழாயை அடைத்துவிடும். இருமும் ஆற்றல் இல்லாமையால் சளியை உறிஞ்சி அகற்ற வேண்டியிருந்தது. ஒரே பக்கமாகக் கிடந்தால் நுரையீரலின் கீழ்ப்பகுதியிற் சளி தேங்கும்; தோலும் புண்ணாகும்; ஆதலால் உடலை அடிக்கடி புரட்ட வேண்டியிருந்தது. விழுங்க இயலாதவருக்குக் குழாய்வழியே உணவு ஊட்டவேண்டியிருந்தது. இப்பணிகளின் பெரும்பாரத்தைத் தாதியரே சுமந்தனர். இவற்றுள் ஒன்று தவறினும், சரியாக அமுக்கப்பட்ட பை பயனற்றுப் போயிருக்கும்.

நோயாளரிற் பலர் முழு நினைவோடு இருந்தனர் என்பது இப்பணியின் கடுமையை மேலும் உணர்த்துகின்றது. காற்று குரல்வளையைக் கடவாமையால் அவர்களாற் பேச இயலவில்லை. கண்ணசைவையும் உதட்டசைவையும் கொண்டே அவர்களது தேவையை அறிய வேண்டியிருந்தது. சிறுவர்களுக்கு மாணவர்கள் கதை வாசித்தனர். அவர்களுடன் விளையாட்டுகளிலும் ஈடுபட்டனர். காற்றுப் போதுமா என்பதை நோயாளியின் முகத்தையும் நெஞ்சையும் தம் கையின் உணர்வையும் கொண்டே பெரும்பாலும் மதிப்பிட்டனர். தம் கையில் இருந்த உயிர் தம் கண்முன்னே பிரிவதைக் கண்டவரும் அவருள் இருந்தனர். நூலிற் கற்கவேண்டிய சுவாசத்தை அவர்கள் இவ்வாறு கற்றனர்.

விளைவு வெளிப்படையாயிற்று. 100 இற்கு 87 ஆக இருந்த இறப்பு வீதம் கொள்ளைநோய் முடிவடையுமுன்னரே அதன் பாதிக்கும் கீழே இறங்கிற்று. 1953 சனவரியில் லாசன் இவ்வனுபவத்தை லண்டனின் லான்செற் மருத்துவ இதழில் வெளியிட்டார்.

பின்விளைவுகள்

இவ்வளவு பெரிய மனித உழைப்பை ஒவ்வொரு கொள்ளைநோயின்போதும் திரட்ட இயலாது என்ற உணர்வே, காற்றை உட்செலுத்தும் இயந்திரங்களின் வளர்ச்சியை விரைவுபடுத்திற்று. சுவீடனைச் சேர்ந்த எங்ஸ்ரொம் ஆக்கிய இயந்திரம் இவற்றுள் முன்னோடியானது. இயந்திரம் வழிகாட்ட மனிதர் பின்பற்றினர் என்பதைவிட, மனிதக் கை செய்துகாட்டியதை இயந்திரம் பின்பற்றியது எனல் பொருந்தும். 1953 டிசெம்பரில் இப்சன் கொப்பன்கேகனின் நகர வைத்தியசாலையில், உயிராபத்திலுள்ள நோயாளரை இரவுபகலாகக் கண்காணிக்கும் விடுதியொன்றை நிறுவினார். தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கமாக இது பலராலும் கருதப்படுகின்றது. அவ்விடுதியின் அடிப்படை கருவியன்று. நோயாளியை விட்டகலாத பராமரிப்பாளர் ஒருவர் எந்நேரமும் அருகே இருத்தல் வேண்டும் என்ற விதியே.

இவ்விதியின் பொருத்தம் பழையதாகிவிடவில்லை. 2020 ஆம் ஆண்டு கொவிட்-19 தொற்றுப் பரவியபோது, உலக நாடுகள் தத்தம் வைத்தியசாலைகளிலிருந்த செயற்கைச் சுவாச இயந்திரங்களின் தொகையை எண்ணத் தொடங்கின. இயந்திரங்களை விலைக்கு வாங்கலாம். அவற்றின் அருகிருந்து நோயாளியைப் புரட்டவும் சளியை அகற்றவும் ஆபத்தை உணரவும் வல்ல தாதியரை அவ்வாறு வாங்க இயலாது என்பதை அவ்வனுபவம் மீண்டும் உணர்த்திற்று.

கொப்பன்கேகன் நிகழ்ச்சியில் இப்சன், லாசன், அஸ்ட்றப் ஆகியோரின் பெயர்களை மருத்துவ நூல்கள் போற்றுகின்றன; அது தகுதியானதே. ஆயின் மாணவர் 1,500 என்ற எண்ணாகவே எஞ்சினர். தாதியருக்கு அத்தகைய எண்ணொன்றேனும் பரவலாக நினைவுகூரப்படுவதில்லை. சரியான விளக்கம் ஒருவரிடம் தோன்றியிருக்கலாம். அவ்விளக்கம் உயிர்களைக் காத்தது, இரவு முழுதும் விழித்திருந்து பையை அமுக்கியவர்களாலும் சளியை அகற்றியவர்களாலுமே. செயற்கைச் சுவாசத்தின் வரலாற்றை எழுதுவோர் அவர்களையும் அதன் ஆக்கியோராகக் கொள்ளுதல் முறையாகும்.