ஜிந்த் கௌரின் கடைசிப் பயணம்: லண்டன், நாசிக், லாகூர்

1863 ஆகஸ்ட் 1 அன்று லண்டனின் கென்சிங்டன் பகுதியில் ஜிந்த் கௌர் காலமானார். பஞ்சாபை ஆண்ட ரஞ்சித் சிங்கின் மனைவி அவர். சீக்கியப் பேரரசின் கடைசி மகாராஜா துலீப் சிங்கின் தாய். இறந்தவருக்குத் தாய்மண்ணில் தீ மூட்டவேண்டும் என்பது மகனின் நோக்கம். அவருடைய அஸ்தி லாகூரில் கணவரின் சமாதியைச் சென்றடைந்தது 1924இல். இடைப்பட்ட 61 ஆண்டுகளின் வரலாறு, ஒரு சடலத்தின் பயணத்தை அரசதிகாரம் எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

உயிரோடிருந்தபோதே அவர் எங்கே வசிக்கலாம் என்பதை ஆங்கிலேயர்தாம் முடிவுசெய்தனர். 1843இல் ஐந்து வயதுச் சிறுவனாக துலீப் சிங் அரியணை ஏறியபோது, மகனின் சார்பில் ஆட்சியை நடத்தியவர் ஜிந்த் கௌர். முதல் ஆங்கிலேய–சீக்கியப் போருக்குப் பின், 1846 டிசம்பரில் ஏற்பட்ட பைரோவால் உடன்படிக்கை அந்தப் பொறுப்பைப் பறித்தது. 1847இல் அவர் மகனிடமிருந்து பிரிக்கப்பட்டு ஷேக்குபுரா கோட்டையில் வைக்கப்பட்டார். மறு ஆண்டு பஞ்சாபை விட்டே வெளியேற்றப்பட்டார். 1849 மார்ச்சில் பஞ்சாப் கம்பெனி ஆட்சியுடன் இணைக்கப்பட்டது. அடுத்த மாதமே சுனார் கோட்டைக் காவலிலிருந்து மாறுவேடத்தில் தப்பிய ஜிந்த் கௌர், நேபாளத்தில் தஞ்சம் புகுந்தார்.

தாயும் மகனும் மீண்டும் சந்தித்தது 1861 ஜனவரியில், கல்கத்தாவில். பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட பிரிவு அது. இதற்கிடையில் மகன் கிறித்தவத்தைத் தழுவி இங்கிலாந்தில் குடியேறியிருந்தார். தாய் பார்வையை ஏறத்தாழ இழந்திருந்தார். சீனப் போரிலிருந்து திரும்பிய சீக்கியப் படைவீரர்கள் செய்தியறிந்து விடுதியின் முன் திரண்டு முழக்கமிட்டனர். இருவரும் விரைவில் இங்கிலாந்துக்குக் கப்பலேறுவதே நல்லது என்று கானிங் பிரபுவின் அரசு கருதியது. 1857 எழுச்சி ஓய்ந்து அதிக காலம் ஆகாத சூழலில், பஞ்சாப் இராணுவத்தின் நினைவில் நிலைத்திருந்த ஒரு ராணியின் இருப்பே அரசுக்கு அச்சமூட்டியது. இரண்டரை ஆண்டு கழித்து அவர் இறந்தபோது, அந்த அச்சம் அவருடைய சடலத்தின்மீதும் படிந்தது.

இதற்கு முந்தைய ஆண்டு நிகழ்ந்த மற்றொரு மரணத்தை இங்கே நினைவுகூரவேண்டும். 1862 நவம்பர் 7 அன்று கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜாபர் ரங்கூனில் சிறைக்காவலில் இறந்தார். அன்றே அவசர அவசரமாக அடக்கம் முடிக்கப்பட்டது. காலப்போக்கில் புல் மூடி, இடமே அடையாளம் தெரியாமல் போகவேண்டும் என்பதே ஏற்பாடு. நாடு கடத்தப்பட்ட அரசரின் கல்லறை வழிபாட்டிடமாக மாறிவிடக்கூடாது என்ற கணக்கு அதில் இருந்தது. ஜிந்த் கௌரின் மரணத்தை எதிர்கொண்ட அதிகார வர்க்கத்தின் மனநிலையைப் புரிந்துகொள்ள இது உதவும்.

லண்டனில் வேறொரு சிக்கலும் இருந்தது. அன்றைய பிரிட்டனில் பிணத்தை எரிக்கும் வழக்கம் இல்லை. எரியூட்டல் சட்டவிரோதமன்று என்று ஒரு நீதிமன்றம் சொன்னது 1884இல்தான். வோக்கிங் தகன நிலையத்தில் முதல் எரியூட்டல் நடந்தது 1885இல். அதற்கென நாடாளுமன்றச் சட்டம் பிறந்தது 1902இல். எனவே ஜிந்த் கௌரின் உடல் சவப்பெட்டியில் வைக்கப்பட்டு, கென்சல் கிரீன் இடுகாட்டிலுள்ள தேவாலயத்தின் நிலவறையில் மாதக்கணக்கில் காத்திருந்தது. 1997இல் அங்கே நடந்த சீரமைப்புப் பணியின்போது அவர் பெயர் பொறித்த பளிங்குக்கல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது.

1864இல் துலீப் சிங் தாயின் உடலுடன் புறப்பட்டார். சூயஸ் கால்வாய் அப்போது திறக்கப்படவில்லை. அது 1869இல் நிறைவேறியது. பம்பாயை அடைந்தபோதும் பஞ்சாபுக்குச் செல்ல அவருக்கு இசைவு கிடைக்கவில்லை. எனவே நாசிக்கில், கோதாவரிக் கரையில் தாய்க்கு எரியூட்டினார். அங்கே சிறு நினைவிடம் ஒன்று எழுப்பப்பட்டது. ஆங்கில அரசு வரைந்த எல்லை இங்கே துல்லியமாகத் தெரிகிறது: கடலைக் கடக்கலாம், சட்லெஜ் ஆற்றைக் கடக்கக்கூடாது. சடங்குக்குத் தடையில்லை, சடங்கு நடக்கும் இடத்துக்குத்தான் தடை. லாகூரில் ரஞ்சித் சிங்கின் சமாதிக்கருகே மகன் தாய்க்குத் தீ மூட்டினால் எத்தனை பேர் கூடுவார்கள் என்பதை அரசு அறிந்திருந்தது. நாசிக்கோ இந்துக்களுக்குப் புனிதத் தலம். சீக்கிய அரசின் நினைவுகளோடு அதற்குத் தொடர்பு குறைவு.

அரசியல் அச்சம் இல்லாத இடத்தில் நிலைமை எவ்வளவு மாறுபட்டது என்பதற்குக் கோலாப்பூர் மன்னர் ராஜாராமின் மரணம் சான்று. ஐரோப்பியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், 1870 நவம்பர் 30 அன்று இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் இருபது வயதளவில் அவர் இறந்தார். நகர நிர்வாகம் தனி அனுமதி வழங்க, ஆர்னோ ஆற்றங்கரையிலேயே இந்து முறைப்படி எரியூட்டல் நடந்தது. அவருடைய நினைவுச்சின்னம் இன்றும் அங்கே நிற்கிறது. எரியூட்டும் வழக்கமில்லாத ஐரோப்பிய நகரத்தில் அந்நியர் ஒருவருக்குக் கிடைத்த இசைவு, தம் கணவர் ஆண்ட நாட்டில் ஜிந்த் கௌருக்குக் கிடைக்கவில்லை.

துலீப் சிங்கின் முடிவும் இதே தர்க்கத்துக்குள் அடங்கியது. 1886இல் குடும்பத்துடன் இந்தியாவுக்குப் புறப்பட்ட அவரை ஆங்கில அரசு ஏடனில் தடுத்து நிறுத்தியது. அங்கே அவர் மீண்டும் சீக்கிய மதத்துக்குத் திரும்பினார். இந்தியாவுக்குத் திரும்ப முடியவில்லை. 1893இல் பாரிஸில் இறந்தபின், இங்கிலாந்தின் எல்வெடனில் கிறித்தவ முறைப்படி அடக்கம் செய்யப்பட்டார்.

1924இல் துலீப் சிங்கின் மகள் பம்பா சதர்லாண்ட், நாசிக்கிலிருந்து பாட்டியின் அஸ்தியை எடுத்து லாகூரில் ரஞ்சித் சிங்கின் சமாதியில் சேர்த்தார். மகனால் இயலாததைப் பேத்தி செய்து முடித்தார். அறுபது ஆண்டுகளுக்குப் பின் அந்த அஸ்தியால் ஆட்சிக்கு ஆபத்து ஏதும் எஞ்சியிருக்கவில்லை. இறந்தவர் திரும்புவதற்கான அனுமதி பெரும்பாலும் அவரைக் கண்டு அஞ்சியோர் அச்சம் நீங்கிய பின்னரே வருகிறது. 1940இல் பென்டன்வில் சிறையில் தூக்கிலிடப்பட்டு அங்கேயே புதைக்கப்பட்ட உதம் சிங்கின் எச்சங்கள், விடுதலை பெற்ற இந்தியாவின் கோரிக்கையை ஏற்று 1974இல்தான் தாயகம் வந்தன.

இன்று அயல்நாட்டில் இறக்கும் இந்தியரின் உடலைக் கொண்டுவர இறப்புச் சான்றிதழ், உடல் பதப்படுத்திய சான்றிதழ், ரத்துசெய்யப்பட்ட கடவுச்சீட்டு, இந்தியத் தூதரகத்தின் தடையின்மைச் சான்று ஆகியவை தேவை. வறிய குடும்பங்களுக்கு உதவ 2009இல் உருவாக்கப்பட்ட இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது. சாதாரணத் தொழிலாளியின் குடும்பமும் உரிமையாகக் கோரக்கூடிய நடைமுறை இது. அன்று ஒரு மகாராஜாவுக்கும் அத்தகைய உரிமை இருக்கவில்லை. ஆயினும், இறந்தவர் வீடு திரும்ப உறவினர் ஓர் அரசின் கையொப்பத்துக்குக் காத்திருக்கவேண்டியிருக்கிறது என்பது மாறவில்லை. புலம்பெயர்வு வரலாற்றை எழுதுவோர் கப்பலேறியவர்களின் பதிவேடுகளைத் தேடிப் படிக்கிறார்கள். சவப்பெட்டிகளுக்கு வழங்கப்பட்ட, மறுக்கப்பட்ட அனுமதிகளையும் அதே கவனத்துடன் படிக்கவேண்டும்.

1947இல் லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. நாசிக்கிலிருந்து அஸ்தி வடக்கே சென்றபோது இல்லாத ஓர் எல்லை, இன்று அந்த இரு ஊர்களுக்கும் நடுவே இருக்கிறது. ஜிந்த் கௌரின் சமாதியைக் காண இந்தியாவிலிருந்து செல்பவர் விசா பெற்றே செல்லவேண்டும்.