பஞ்ச காலத்தில் வெட்டப்பட்ட கைகள்

இஸ்லாமியச் சட்டம் எண்டாலே நிறையப் பேருக்கு மனசில வாறது ஒண்டுதான்: களவெடுத்தால் கையை வெட்டு. குர்ஆனின் 5ஆம் அத்தியாயம், 38ஆம் வசனத்தில் இத்தண்டனை இருப்பது உண்மை. ஆனால் சட்ட அறிஞர்கள் அதைச் சுற்றிப் பல நிபந்தனைகளை வைத்தார்கள். களவுபோன பொருளுக்குக் குறிப்பிட்ட பெறுமதி இருக்க வேண்டும். அது பாதுகாப்பான இடத்தில் இருந்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் வெட்டக் கூடாது. கி.பி. 639 அளவில் அரேபியாவைப் பஞ்சம் வாட்டியபோது கலீபா உமர் இத்தண்டனையையே நிறுத்தி வைத்தார் என்கிறது மரபு. பசியில எடுத்தவன்ர கையை எப்படி வெட்டுறது?

இனி சூடானுக்கு வருவோம். 1969இல் இராணுவப் புரட்சியால் ஆட்சியைப் பிடித்த ஜஃபர் நிமெய்ரி, செல்வாக்குச் சரிந்துகொண்டிருந்த 1983 செப்டெம்பரில் இச்சட்டங்களைக் கொண்டுவந்தார். அடுத்த வருடம் அவசரகால நிலையை அறிவித்து, விசேட நீதிமன்றங்களையும் அமைத்தார். கார்ட்டூம் கோபர் சிறையில் சனத்துக்கு முன்னால் கைகள் வெட்டப்பட்டன. அதே 1984இல்தான் டார்பூரிலும் கொர்டோபானிலும் சனம் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தது!

உமர் நிறுத்திய இடத்தில்தான் நிமெய்ரி தொடங்கினார்.

இதை எதிர்த்தவர்களில் ஒருவர் மஹ்மூத் முஹம்மத் தாஹா, முதிய இஸ்லாமியச் சிந்தனையாளர். சட்டங்களை நீக்கச் சொல்லித் துண்டுப்பிரசுரம் வெளியிட்டார். 1985 ஜனவரி 18 அன்று, மதத்தைத் துறந்தவர் எண்டு சொல்லி அதே கோபர் சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். மூன்று மாதம் முடியமுதல், ஏப்ரலில், நிமெய்ரியின் ஆட்சி கவிழ்ந்தது. தண்டனை மட்டும் போகவில்லை. 1991 குற்றவியல் சட்டத்திலும் இருந்தது.

ஆகவே ஒரு சட்டத்தில் என்ன எழுதியிருக்கு எண்டு மட்டும் கேட்டால் காணாது. அதை ஆர், எப்ப, ஆருக்கு மேல பாவிக்கினம் எண்டும் கேட்க வேணும்.